கிரயமா, குத்தகையா? கையெழுத்துக்கு வந்திருக்கும் பதிப்பக ஒப்பந்தம்

வாசகியின் கடிதம், சுருக்கமாக:

தென்காசிப் பக்கத்து வாசகி. வயது 46, தனியார் பள்ளி ஆசிரியை. பீடி சுற்றும் பெண்களின் வாழ்க்கையை வைத்து ஏழு வருடமாக எழுதிய நாவலை ஒரு சிறு பதிப்பகம் போன வருடம் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கொண்டுவந்தது. 240 பக்கம், விலை 280 ரூபாய், 300 பிரதி. "அச்சுச் செலவுக்கு" என்று பதிப்பாளர் கேட்ட 45,000 ரூபாயை இவர் ஜீபேயில் அனுப்பியிருக்கிறார். ஆசிரியர் பிரதியாக 30 வந்தன. கையெழுத்திட்ட தாள் எதுவும் கிடையாது. "பத்து சதவீதம் ராயல்டி தந்துடுவோம் தோழர்" என்று அவர் வாட்ஸ்அப்பில் எழுத, "சரி தோழர், நீங்களே போடுங்க" என்று இவர் பதில் போட்டிருக்கிறார். பதினான்கு மாதமாகக் கணக்கு வரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு உதவி இயக்குநர் இந்தக் கதையைப் படமாக்கக் கேட்டார். அந்தச் சந்தோஷத்தைப் பதிப்பாளரிடம் சொல்ல, அடுத்த வாரமே நான்கு பக்க ஒப்பந்தம் கூரியரில் வந்துவிட்டது. அதில் தேதி போன வருட ஜனவரி. "முழுக் காப்புரிமையும்" பதிப்பகத்துக்கு. படப் பணத்தில் பாதி பதிப்பகத்துக்கு. "புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் உரிமை பதிப்பகத்துக்கு என்றுதான் அச்சாகியிருக்கிறது, ஐஎஸ்பிஎன்னும் அவர்கள் பேரில்தான். உரிமை ஏற்கெனவே போய்விட்டது என்றால் கையெழுத்துப் போட்டு நல்ல பேரையாவது காப்பாற்றிக்கொள்ளட்டுமா? இல்லை, அவர் கைக்காசு போடாததால் அவருக்கு எந்த உரிமையும் இல்லை என்று, கேட்டுக்கொண்டிருக்கும் மதுரைப் பதிப்பகத்துக்கு நாளைக்கே தூக்கிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார். பேச்சுவழக்கில் எழுதிய "சுளவு" எல்லாம் "முறம்" ஆகவும், "ஏளா" எல்லாம் "ஏன்டி" ஆகவும் தன்னைக் கேட்காமல் மாற்றப்பட்ட வருத்தமும் கடிதத்தில் இருக்கிறது.

சகோதரி,

முதலில் நிம்மதியாக இருங்கள். உங்கள் நாவலின் உரிமை இன்றைக்கும் உங்களிடம்தான் இருக்கிறது. அது கைமாறக்கூடிய ஒரே இடம், இப்போது உங்கள் மேசையில் கிடக்கும் அந்த நான்கு பக்கத்தின் அடியில் உள்ள கோடு. ஆகவே பேனாவை எடுக்காதீர்கள். அதற்காகப் பதிப்பாளருக்கு ஒன்றுமே இல்லை என்றும் முடிவு கட்டிவிடாதீர்கள். நீங்கள் கேட்ட இரண்டு கேள்வியிலும் பாதி சரி, பாதி பிசகு.

இரண்டாம் பக்கத்தில் அச்சானதும், சட்டம் சொல்வதும்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி ஒரு படைப்புக்கு முதல் உரிமையாளர் அதை எழுதியவர். அந்த உரிமை இன்னொருவருக்குப் போக வேண்டுமானால் 19ஆவது பிரிவு கேட்பது, எழுதியவரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கையெழுத்திட்ட எழுத்து. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு ராயல்டி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். பதிப்பாளர் தன் புத்தகத்தில் தானே அச்சிட்டுக்கொண்ட ஒரு வரி இதற்கு ஈடாகாது. ஐஎஸ்பிஎன் விஷயமும் அப்படித்தான். அது புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான 13 இலக்க எண். தில்லியில் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாகத் தருகிறது. பதிப்பகம் அந்த எண்ணை வாங்கியிருந்தால், அந்தப் பதிப்பை வெளியிட்டவர் அவர் என்று மட்டுமே அர்த்தம்.

கையெழுத்துப் பிரதியை உங்களுக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, கவரைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பலர் செய்வதுதான். ஆனால் அதற்குச் சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை. நீங்கள் பதிப்பகத்துக்கு அனுப்பிய மின்னஞ்சல் இணைப்புகள், தேதியோடு இருக்கும் பழைய வரைவுகள், பேர் போட்டு வெளிவந்த புத்தகம் ஆகியவை அதைவிடப் பலமான சாட்சி. பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வதும் கட்டாயமில்லை. செய்தால் நீதிமன்றம் அதை முதல்நோக்குச் சான்றாக, அதாவது வேறுமாதிரி நிரூபிக்கும்வரை சரி என்று, எடுத்துக்கொள்ளும். கட்டணம் 500 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒரு சிக்கல் உண்டு. வெளியான புத்தகத்தைப் பதிவு செய்யப் போனால் பதிப்பாளரிடம் ஆட்சேபணை இல்லைக் கடிதம் கேட்பார்கள். அடுத்த நாவலை அச்சுக்குக் கொடுக்கும் முன்பே பதிந்துவிடுங்கள்.

"நீங்களே போடுங்க" என்ற பதிலுக்கு மதிப்பு உண்டு

இப்போது இரண்டாவது கேள்வி. "அவர் கைக்காசு போடவில்லை, அவருக்கு உரிமை இல்லை" என்பது தவறு. உரிமை மாற்றத்துக்குக் கையெழுத்து வேண்டும். ஆனால் அச்சிட்டு விற்க அனுமதி கொடுப்பது வேறு. 2012 திருத்தத்துக்குப் பிறகு 30ஆவது பிரிவு அனுமதிக்கு "எழுத்தில்" இருந்தால் போதும் என்கிறது. வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான் என்று அவருடைய வக்கீல் வாதிட நல்ல இடமிருக்கிறது. அந்தச் செய்தியில் காலம் சொல்லாததால் ஐந்து வருடம், நிலப்பரப்பு சொல்லாததால் இந்தியா என்று 19(5), 19(6) உட்பிரிவுகளைக் காட்டவும் முடியும்.

இதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உங்கள் செய்தியில் "உங்களுக்கு மட்டும்" என்ற சொல் இல்லை. ஆகவே அவருக்கு இருப்பது, அதிகபட்சம், அச்சுப் புத்தகமாகப் போட்டு விற்கும் சாதாரண அனுமதி. மொழிபெயர்ப்பு, மின்னூல், ஒலிநூல், படம் எதுவும் அதற்குள் வராது. அவர் கையில் மிச்சமிருக்கும் பிரதிகளை அவர் விற்கலாம். அதை நீங்கள் தடுக்க முடியாது, தடுப்பதும் நியாயமில்லை. மதுரைப் பதிப்பகம் புதிய பதிப்பு போடலாம், ஆனால் பழைய அட்டைப்படத்தையும் பக்க வடிவமைப்பையும் எடுத்துப் போடக் கூடாது. அட்டை ஓவியத்தின் உரிமை அதை வரைந்தவருக்கோ அவரிடம் வாங்கியவருக்கோ போகும். தவிர, முதல் பதிப்பு கடைகளில் இருக்கும்போது இரண்டாவது ஒன்று வந்தால் இரண்டு பேருக்கும் விற்பனை படுக்கும். மதுரைக்காரரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லிவிட்டு ஆறு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள்.

கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம்

சிறு பதிப்பகம் நடத்துகிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் இல்லை. கடைகளுக்கு 35 முதல் 40 சதவீதம் கழிவு கொடுத்து, அந்தப் பணம் வர மாதக்கணக்கில் காத்திருந்து, வாங்காத பிரதிகளைத் திரும்ப எடுத்து, ஸ்டால் வாடகை கட்டி நடக்கிற தொழில் அது. ஆனாலும் உங்கள் விஷயத்தில் கணக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 300 பிரதி என்றால் பெரும்பாலும் டிஜிட்டல் அச்சு. ஒரு பிரதிக்கு 100 ரூபாய் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம்: 30,000. வடிவமைப்பு, மெய்ப்பு, அட்டைக்கு 12,000. மொத்தம் 42,000. நீங்கள் கொடுத்தது 45,000. புத்தகத்தின் முழுச் செலவும் உங்களுடையது.

மிச்சம் 270 பிரதி. 40 சதவீதக் கழிவு போனால் ஒரு பிரதிக்கு 168 ரூபாய். எல்லாம் விற்றால் 45,360. அதில் உங்களுக்கு முகவிலையில், அதாவது புத்தகத்தில் போட்டிருக்கும் 280 ரூபாயில், பத்து சதவீதம், பிரதிக்கு 28 வீதம் 7,560. பத்து சதவீத ராயல்டி என்பது பதிப்பாளர் தன் முதலைப் போட்டு, நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ளும்போது எழுத்தாளருக்குத் தருவது. முதல் உங்களுடையது என்றால் நடந்திருப்பது சொந்தச் செலவுப் பதிப்பு. அதில் விற்ற பணம் உங்களைச் சேர வேண்டும், பதிப்பகம் தன் பேருக்கும் விநியோகத்துக்கும் கமிஷன் எடுத்துக்கொள்ள வேண்டும். 45,000ஐ இனித் திரும்பக் கேட்பது கடினம். ஆனால் பேச்சுவார்த்தையில் உங்கள் கையில் இருக்கும் பெரிய துருப்புச் சீட்டு அதுதான். அதை அச்சு ரசீதோடு முன்வைத்துப் பேசுங்கள்.

நான்கு பக்கத்தில் என்ன இருக்கிறது

நிலத்தைக் கிரயம் எழுதிக் கொடுப்பதற்கும் குத்தகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். "முழுப் பதிப்புரிமையும் ஒப்படைக்கிறேன்" என்பது கிரயம். "அச்சு நூலாக வெளியிட மூன்று வருடத்துக்கு அனுமதிக்கிறேன்" என்பது குத்தகை. உங்களுக்கு வந்திருப்பது கிரயப் பத்திரம். காலம் என்ற இடத்தில் "சட்டப்படியான காலம் முழுவதும்" என்று இருக்கிறது. அப்படியென்றால் உங்கள் ஆயுள் முழுக்க, அதற்குப் பிறகு இன்னும் 60 வருடம். உங்கள் பேரப்பிள்ளைகள் காலம்வரை.

பதினோராவது பத்தியை இன்னொரு முறை படியுங்கள். "பிரிவு 19(4), 19(5) இவ்வொப்பந்தத்துக்குப் பொருந்தா" என்று ஒற்றை வரி. எழுத்தாளருக்குச் சட்டம் போட்டிருக்கும் இரண்டு தாழ்ப்பாளையும் கழற்றும் வரி அது. 19(4)இன்படி, வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது தானே காலாவதியாகி உங்களிடம் திரும்பிவிடும். ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதியிருந்தால் திரும்பாது. மொழிபெயர்ப்பு உரிமையை வாங்கிப் பெட்டியில் பூட்டிவைப்பவர்களிடமிருந்து காப்பாற்ற வந்த உட்பிரிவு அது. 19(5) என்பது மேலே சொன்ன ஐந்து வருட வரம்பு. இந்த வரியை அடித்தே ஆக வேண்டும்.

"இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்" என்ற சொற்றொடரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தேதியில் இல்லாத ஊடகத்தை இப்படிப் பொத்தாம்பொதுவாக எழுதி வாங்குவது 2012 திருத்தத்துக்குப் பிறகு செல்லாது. "காப்புரிமை" என்ற சொல்லையும் "பதிப்புரிமை" என்று திருத்துவது நல்லது; முன்னது கண்டுபிடிப்புகளுக்கான உரிமைக்கும் வழங்குவதால் பின்னால் குழப்பம் வரும்.

தேதி முக்கியம். போன ஜனவரி தேதியில் கையெழுத்திட்டால், படப் பேச்சு வருவதற்கு முன்பே பட உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டதாக ஆகிவிடும். கையெழுத்திடும் நாளின் தேதியைத்தான் போட வேண்டும்.

பதிலுக்கு நீங்கள் கேட்க வேண்டியவை

அனுமதி: அச்சு நூல் மட்டும், தமிழில், இந்தியாவுக்குள், கையெழுத்தான நாளிலிருந்து மூன்று வருடம். மற்ற எல்லா உரிமையும் ஆசிரியரிடம் என்று தனி வரி. மின்னூல் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டுக் கிண்டிலில் நீங்களே போட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் ஆவீர்கள். அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ராயல்டி: "முகவிலையில்" என்ற சொல் கண்டிப்பாக வேண்டும். வெறும் "வரவில் பத்து சதவீதம்" என்றால் 28 ரூபாய் 16 ரூபாய் 80 காசாகச் சுருங்கும். அரசு நூலகங்கள் வாங்கும் நூலக ஆணைக்குப் போகும் பிரதிகளுக்கு விலை குறையும் என்பதால் அதற்கு மட்டும் நிகர வரவில் கணக்கிடச் சம்மதிக்கலாம். ஆனால் எத்தனை பிரதி போனது என்று எழுத்தில் வர வேண்டும்.

கணக்கு: ஒவ்வொரு மார்ச் 31 வரைக்குமான கணக்கு 60 நாளுக்குள். அச்சானது, விற்றது, இலவசமாகப் போனது, கையிருப்பு என நான்கு எண். அச்சக ரசீதின் நகல் இல்லாத கணக்கு வெறும் வாய்வார்த்தை.

திரும்பப் பெறுதல்: இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். "புத்தகம் அச்சில் இல்லாதபோது உரிமை திரும்பும்" என்ற பழைய வாசகம் இப்போது பயன்படாது. தேவைக்கேற்ப ஐந்து, பத்து என்று அச்சடிக்கும் முறையில் எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போவதில்லை. அதனால் "தொடர்ந்து 12 மாதத்தில் 50 பிரதிக்குக் குறைவாக விற்றால்" என்று எண் போட்டு எழுதுங்கள். ஒப்பந்தம் முடிந்த பிறகு மிச்சப் பிரதிகளை விற்க அவருக்கு ஆறு மாதம். அல்லது பாதி விலைக்கு நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கு: "எந்த வழக்கு வந்தாலும் ஆசிரியரே முழுப் பொறுப்பு" என்பதை "படைப்பு என் சொந்தமானது, வேறெவர் எழுத்தையும் எடுத்தாளவில்லை என்று உறுதி தருகிறேன்" என்று சுருக்குங்கள். "சென்னை நீதிமன்றம் மட்டுமே" என்ற வரியும் வேண்டாம். பதிப்புரிமை மீறலுக்கு நீங்கள் வசிக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட 62ஆவது பிரிவு இடம் தருகிறது.

கோப்பு: இறுதி மெய்ப்புத் திருத்தங்கள் எல்லாம் வடிவமைப்பாளரின் கணினியில்தான் இருக்கும், உங்களிடம் இருப்பது திருத்தாத பிரதி. யுனிகோடில் இறுதிப் பாடத்தைக் கேட்டு வாங்குங்கள். பழைய எழுத்துருவில் வடிவமைத்து மீண்டும் யுனிகோடுக்கு மாற்றித் தந்தால் "கொ" என்பது "கெ"யும் தனிக்காலுமாக உடைந்திருக்கலாம், "ஔ" என்பது "ஒ"வும் "ள"வுமாக நிற்கலாம். ஒருமுறை முழுக்கப் படித்துச் சரிபாருங்கள்.

சுளவும் முறமும்

இதைக் கடிதத்தின் கடைசியில், கூச்சத்தோடு எழுதியிருந்தீர்கள். சின்ன விஷயம் இல்லை. தென்காசிப் பெண்ணின் மடியில் இருப்பது சுளவுதான், முறம் இல்லை. பெயர் உரிமை, சிதைக்கப்படாமல் இருக்கும் உரிமை இரண்டையும் 57ஆவது பிரிவு ஆசிரியருக்குத் தனியாகத் தருகிறது. பதிப்புரிமையையே விற்றுவிட்டாலும் அது உங்களோடு இருக்கும். ஆனால் சிதைவு உங்கள் மதிப்புக்கோ நற்பெயருக்கோ கேடு செய்கிறது என்று காட்ட வேண்டியிருப்பதால், இதற்காக மட்டும் நீதிமன்றம் போகச் சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தில் "ஆசிரியர் எழுத்தில் ஒப்புதல் தராத சொல் மாற்றம் கூடாது, அடுத்த அச்சில் இணைப்பிலுள்ள திருத்தங்கள் செய்யப்படும்" என்று எழுதி, பக்க எண், அச்சான சொல், உங்கள் சொல் என்று மூன்று நெடுவரிசையில் பட்டியல் இணையுங்கள். தேவைக்கேற்ப அச்சடிக்கிறவருக்குக் கோப்பைத் திருத்துவது ஒரு நாள் வேலை.

படம்

பட உரிமை புத்தக உரிமையிலிருந்து வேறானது. பாரதியார் பாடல்களின் ஒலிபரப்பு உரிமை ஒரு காலத்தில் ஏ.வி. மெய்யப்பனிடம் இருந்து, 1949இல் அரசிடம் வந்தது என்பது நமக்கெல்லாம் தெரிந்த கதை. ஒரே எழுத்தின் உரிமைகள் தனித்தனிக் கைகளில் இருக்கலாம் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் வேண்டாம். அந்த உதவி இயக்குநரைப் பதிப்பாளர் அழைத்து வரவில்லை, பேரம் பேசவில்லை. பாதிப் பணம் கேட்க முகாந்திரமே இல்லை. நாளைக்கு அவர் மூலமாக ஒரு வாய்ப்பு வந்து முடிந்தால் பத்து அல்லது பதினைந்து சதவீதம் தரலாம்.

உதவி இயக்குநரிடமும் கவனம் வேண்டும். "சும்மா ஒரு பேப்பர், தயாரிப்பாளரிடம் காட்ட" என்று ஆட்சேபணை இல்லைக் கடிதம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ வேறு யாருக்கும் தரமாட்டேன் என்பதற்கு ஒரு அட்வான்ஸ், கெடு முடிந்தால் உரிமை உங்களிடமே என்று எழுதிக்கொள்ளுங்கள். விரிவாகக் கதை சொல்லி ஒலிப்பதிவு அனுப்புவதும் வேண்டாம். 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, கருவுக்கு உரிமை கிடையாது. அதை நீங்கள் சொல்லியிருக்கும் விதத்துக்குத்தான் உரிமை. பீடி சுற்றும் பெண்களைப் பற்றி யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம். உங்கள் காட்சிகளையும் உரையாடல்களையும் எடுக்க முடியாது. பேச்செல்லாம் புத்தகத்தை முன்வைத்தும் மின்னஞ்சலிலும் நடக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். பணம் போன வங்கிக் கணக்குப் பக்கத்தை அச்செடுங்கள். ஒப்பந்தம் வந்த கூரியர் கவரைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள தேதிதான் முன்தேதியிட்டதற்குச் சாட்சி. பிறகு பதிப்பாளருக்கு இப்படி எழுதுங்கள்:

"தோழர், ஒப்பந்தம் கிடைத்தது. கையெழுத்திடும் முன், புத்தகம் வந்த நாளிலிருந்து இன்றுவரை எத்தனை பிரதி அச்சானது, எத்தனை விற்றது, எத்தனை கையிருப்பு என்ற கணக்கை அனுப்புங்கள். அச்சு நூல் தவிர வேறு எந்த உரிமையும் நான் யாருக்கும் தரவில்லை. ஒப்பந்தத்தில் வேண்டிய மாற்றங்களைப் பத்து நாளில் எழுதி அனுப்புகிறேன்."

அடுத்த வீட்டுக்காரரிடம் பேசுகிற தொனி போதும். நிறையப் பதிப்பாளர்கள் இந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். அவர்களுக்கும் இந்தப் புத்தகம் வேண்டும், அடுத்த புத்தகமும் வேண்டும். முப்பது நாள் போயும் கணக்கு வராவிட்டால் வக்கீல் நோட்டீஸ். பணம் வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போக வாதமிருக்கிறது. 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தரலாம். புத்தகம் போட்டது வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு மறுக்கும், அதற்குத் தயாராக இருங்கள். அங்கே காலக்கெடு இரண்டு வருடம், உங்களுக்குப் பதினான்கு மாதம் போய்விட்டது. வக்கீலுக்குச் செலவழிக்க வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். போகும்போது அந்தக் கூரியர் கவரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.